ஹெட்போனுக்குள் அடங்காத வடசென்னை: ராயபுரம் முதல் எண்ணூர் வரை மனசோடு ஒட்டிக்கிட்ட 7 ஆல்பங்கள்

'உன் மனசுக்கு ரொம்ப நெருக்கமான ஆல்பம் எது?' இந்தக் கேள்வியை ராயபுரத்துலயோ திருவொற்றியூர்லயோ கேட்டா, வர்ற பதில் மியூசிக் ஆப்ல தேடினாலும் கிடைக்காத ஒண்ணா இருக்க வாய்ப்பு அதிகம். ஆடி மாசம் ஸ்பீக்கர்ல ஓடின அம்மன் பாட்டா இருக்கலாம். தாத்தா செத்த ராத்திரி பந்தல்ல பாடின கானாவா இருக்கலாம். எண்ணூர் கழிமுகத்துக்காக ஒருத்தர் பாடின கர்நாடக இசையாகவும் இருக்கலாம்.

துறைமுகம், லாரி, அனல் மின்நிலையம், மீன் வாடை... வடசென்னைன்னதும் வெளியில இருக்கிறவங்களுக்கு ஞாபகம் வர்றது இவ்வளவுதான். ஆனா சுமார் 200 வருஷமா இந்தக் கடலோரத்துல பாட்டு ஒரு தொகுப்பு, இன்னொரு தொகுப்புன்னு சேர்ந்துகிட்டே இருக்கு. சாமிக்காக, செத்தவங்களுக்காக, மரியாதைக்காக, ஆத்துக்காகன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கு.

இந்த லிஸ்ட்ல 'ஆல்பம்'னு சொல்றது சிடி, கேசட்டை மட்டும் இல்ல. ஒரே ஆளுக்காகவோ, ஒரே இடத்துக்காகவோ, ஒரே காரணத்துக்காகவோ சேர்த்துக் கட்டின பாட்டுகள் எல்லாமே இங்கே ஆல்பம்தான். ஒவ்வொண்ணாப் போகலாம், வாங்க.

1. திருவொற்றியூர் பஞ்சரத்னம்: ரெக்கார்டிங் வர்றதுக்கு முன்னாடி வந்த ஆல்பம்

தியாகராஜர் (1767–1847) திருவையாறுக்காரர். பெரும்பாலும் ராமரைப் பாடினவர். அவர் சென்னைப் பக்கம் வந்தப்போ, அவரோட சீடர் வீணை குப்பையர் திருவொற்றியூருக்கு அழைத்து வந்தார். அங்கே இருக்கிறது தியாகராஜ சுவாமி கோயில். பாடகருக்கும் அந்த ஊர் சாமிக்கும் ஒரே பேர். ஆனா தியாகராஜர் அங்கே பாடினது அம்மனை. திரிபுரசுந்தரி, நம்ம ஊர்ப் பேச்சுல வடிவுடையம்மன்.

தெலுங்கில் 5 கீர்த்தனைகள். ராகங்கள்: சுத்த சாவேரி, கல்யாணி, ஆரபி, பேகடா, சாவேரி. அஞ்சுல மூணு பாட்டு 'சுந்தரி'ன்னு அம்மனைக் கூப்பிட்டே ஆரம்பிக்கும். இன்னொண்ணு அவளைப் பெத்த தாயாகவே பார்க்கும். ஒரு தெய்வம், ஒரு ஊர், அஞ்சு மனநிலைன்னு அமைஞ்ச இதை இன்னைய மொழியில சொன்னா 'கான்செப்ட் ஆல்பம்'.

கர்நாடக சங்கீதம்னா மயிலாப்பூர், மார்கழி, சபான்னு ஒரு படம் நம்ம மண்டைக்குள்ள இருக்கு. அந்தப் படத்துல திருவொற்றியூர் வர்றதில்லை. ஆனா வீணை குப்பையர், அவர் மகன் திருவொற்றியூர் தியாகையர்னு சென்னையின் இசை வரலாற்றுல இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. இன்னைக்கு கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கிற ரூட்லதான் அந்த வரலாறும் நடந்தது.

எப்போ கேட்கலாம்: பௌர்ணமி வெள்ளிக்கிழமை சேர்ந்து வர்ற நாள்ல மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன்னு மூணு கோயிலையும் ஒரே நாள்ல தரிசிக்கிற வழக்கம் இருக்கு. அந்தப் பயணத்துக்கு இந்த அஞ்சு பாட்டு கச்சிதம்.

2. வடிவுடை மாணிக்க மாலை: நடந்தே வந்தவர் பாடின 101

அதே அம்மன், அடுத்த ரசிகர். வள்ளலார் ராமலிங்க அடிகள் (1823–1874) வளர்ந்தது சென்னை ஏழுகிணறு பகுதியில. அங்கேயிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வந்து போவாராம். வடிவுடையம்மன் மேல அவர் பாடின 101 பாட்டுகள்தான் 'வடிவுடை மாணிக்க மாலை'. திருவருட்பாவுல ஒரு பகுதி.

இதையொட்டி வழிவழியா சொல்ற கதை ஒண்ணு இருக்கு. ஒரு ராத்திரி லேட்டா வீடு திரும்பினார். கதவு சாத்தியிருந்தது. யாரையும் எழுப்ப மனசில்லாமப் பசியோட திண்ணையிலேயே படுத்துட்டார். அவங்க அண்ணி உருவத்துல வடிவுடையம்மனே வந்து சோறு போட்டாள்ங்கிறது கதை. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா 'வாடிய பயிரைப் பார்த்து வாடினவர்'னு பேர் வாங்கினவர், பிற்காலத்துல வடலூர்ல தர்மசாலை ஆரம்பிச்சுப் பசிச்சவங்களுக்குச் சோறு போட்டவர். அப்படிப்பட்டவரைப் பத்தி இந்த ஊர் ஞாபகம் வெச்சிருக்கிற கதையும் சோத்தைப் பத்தினதாவே இருக்கு.

எப்போ கேட்கலாம்: லேட் நைட் ஷிப்ட் முடிச்சு, வீட்டைத் தட்டி எழுப்பத் தயங்கி நிக்கிறவங்களுக்கு இது தனியாப் புரியும்.

3. ஸ்பீக்கர் ஆல்பங்கள்: மூணு சாமி, ஒரே மைக் செட்

ராயபுரத்தோட பேரே ராயப்பர்ங்கிற புனித பேதுருவுல இருந்து வந்ததுதான். அங்கே இருக்கிற புனித பேதுரு தேவாலயம் 1829-ல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டினவங்க கடல்ல படகு ஓட்டிப் பிழைச்ச மக்கள். பக்கத்துலயே அம்மன் கோயில்கள், கொஞ்சம் தள்ளி மண்ணடி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் மசூதிகள், தர்காக்கள். இப்படி நெருக்கிக்கிட்டு இருக்கிற ஊர்ல, யார் வீட்டு ஸ்பீக்கர்ல எந்தப் பாட்டு போட்டாலும் எல்லார் காதுக்கும் போகும்.

ஆடி மாசம் கூழ் ஊத்துற அன்னிக்கு எல்.ஆர்.ஈஸ்வரி குரல்ல மாரியம்மன் பாட்டுகள். சினிமாவுல கிளப் பாட்டு பாடிப் பேர் வாங்கின அதே குரல், அம்மன் பாட்டுலயும் அதே வேகத்தோட வரும். சாமி வந்து ஆடுறவங்களுக்கு அந்த வேகம்தான் தேவை.

இஸ்லாமிய விழாக்கள்ல நாகூர் ஹனிபா (1925–2015). அவர் பாடின 'இறைவனிடம் கையேந்துங்கள்' மதம் தாண்டி எல்லார் வீட்டுலயும் நுழைஞ்ச பாட்டு. தி.மு.க மேடைகள்லயும் அதே கம்பீரக் குரல்தான். அதனால வடசென்னைப் பெரியவங்களுக்கு அந்தக் குரலைக் கேட்டா சில சமயம் நோன்பும் ஞாபகம் வரும், தேர்தலும் ஞாபகம் வரும்.

கிறிஸ்தவ வீடுகள்ல 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்'. பெர்க்மான்ஸ் பாடி, வரிசையா எண் போட்டு வந்த தொகுப்புகள். கேசட் காலத்துல ஆரம்பிச்சு யூடியூப் வரைக்கும் வந்திருக்கு.

மாத்து மதத்துப் பாட்டையும் மனப்பாடமாச் சொல்ற தலைமுறை ஒண்ணு இங்கே உருவானதுக்கு இந்த ஸ்பீக்கர்களும் ஒரு காரணம். நம்ம ஹெட்போன்ல பக்கத்து வீட்டுப் பாட்டு கேட்க வாய்ப்பே இல்லை.

எப்போ கேட்கலாம்: நீங்க தேட வேண்டாம். விசேஷ நாள்ல ஜன்னலைத் திறந்து வெச்சாலே போதும்.

4. மரண கானா: ஒரே ஒரு ஆளுக்காகக் கட்டின ஆல்பம்

இந்த லிஸ்ட்ல கவர் போட்டோ இல்லாத, கடையில விக்காத, ஆனா ரொம்ப ஆழமான ஆல்பம் இதுதான்.

வீட்டுல ஒருத்தர் தவறிட்டா வாசல்ல பந்தல் போடுவாங்க. ஐஸ் பெட்டியில உடல் இருக்கும். அடக்கம் மறுநாள். சொந்தக்காரங்க வரணும், ராத்திரி முழுக்க யாராவது முழிச்சிருக்கணும். அந்த ராத்திரியைத் தூக்கி நிறுத்துறதுதான் மரண கானா. டோலக், சட்டி மேளம், இப்போ கீபோர்டு, ரிதம் பேடு. எதுவுமே இல்லாத காலத்துல மேஜையும் தீப்பெட்டியும்கூடத் தாளமாகியிருக்கு.

வாழ்க்கை நிலையில்லாதது, தாய்ப்பாசம், கூடா நட்புன்னு பொதுவான பாட்டுகள் வரும். அதுக்கப்புறம் வர்றதுதான் உயிர் நாடி. செத்தவரோட பேர், என்ன வேலை பார்த்தார், ஹார்பர்ல மூட்டை தூக்கினாரா, லாஞ்சுல போனாரா, பிள்ளைங்க யாரு, எந்தப் பட்டப்பேர் சொன்னாக் கோவப்படுவாருன்னு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டு, அதை மெட்டுல சேர்த்துப் பாடுவாங்க. அழுதுகிட்டு இருக்கிற கூட்டம் அந்தப் பட்டப்பேரைக் கேட்டதும் சிரிக்கும். சிரிச்ச அடுத்த நிமிஷம் இன்னும் பலமா அழும். பேப்பர்ல செய்தி வராத ஒரு மனுஷனுக்குக் கிடைக்கிற வாழ்க்கை வரலாறு அந்த ராத்திரிப் பாட்டுதான்.

'கானா'ங்கிற சொல் இந்தியில பாட்டுன்னு அர்த்தம் தர்றது. பல ஊர், பல மொழி ஆளுங்க சேர்ந்த துறைமுக ஊர்ல அந்தச் சொல் ஒட்டிக்கிட்டதுல ஆச்சர்யம் இல்லை. சித்தர் பாட்டோட நிலையாமைத் தத்துவமும், தர்காப் பாட்டோட வாசனையும் கானாவுல கலந்திருக்கு.

ரொம்ப நாளைக்கு இதை 'ரௌடிப் பாட்டு', 'குடிகாரப் பாட்டு'ன்னே ஒதுக்கினாங்க. பொண்ணுங்களை இழிவு பண்ற வரிகளை எழுதிப் புகாருக்கு ஆளான பாடகர்களும் இருக்காங்க, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனா அதை வெச்சு மொத்தக் கானாவையும் எடை போட்டா, சாவு வீட்டுல ராத்திரி முழுக்க ஒரு குடும்பத்தைத் தாங்கிப் பிடிச்ச குரலையும் சேர்த்தே தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும்.

எப்போ கேட்கலாம்: யூடியூப்ல நிறைய இருக்கு. ஆனா முன்பின் தெரியாத ஒருத்தரோட சாவு வீட்டு வீடியோவை ரீல்ஸுக்கு வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க. அது யாரோ ஒரு பிள்ளையோட அப்பாவுக்காகப் பாடினது.

5. 'மெட்ராஸ்', 'வடசென்னை': பந்தலில் இருந்து தியேட்டருக்கு

கானா சினிமாவுக்குப் போனதுல தேவாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990-களில் அவர் இசையில கானா பாட்டு ஹிட் ஆனப்போ, அது பெரும்பாலும் ஜாலிப் பாட்டாத்தான் இருந்தது. 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்துல கானா உலகநாதன் பாடின மீன் கல்யாணப் பாட்டு தமிழ்நாடு முழுக்க ஆட வெச்சது. 2012-ல் 'அட்டகத்தி' மூலமா கானா பாலாவின் குரல் எல்லா போன்லயும் ரிங்டோன் ஆச்சு.

ஆனா கானா முதல்ல எதுக்காகப் பிறந்ததோ, அந்தச் சாவு வீட்டுச் சோகம் சினிமா ஆல்பத்துல கனமா இறங்கினது பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படத்துல. சந்தோஷ் நாராயணன் இசை. படத்துல அன்பு இறந்த பிறகு கானா பாலா குரல்ல வர்ற பாட்டு, மரண கானாவின் சினிமா வடிவம். ஹீரோவோட அறிமுகத்துக்கும் கிண்டலுக்கும் பயன்பட்ட இசை, அங்கே தன் சொந்த வேலையைச் செஞ்சது. தன் ஏரியாவுல ஒரு நண்பனைப் பறிகொடுத்த எத்தனையோ பசங்களுக்கு அந்தப் பாட்டு சொந்தப் பாட்டாவே ஆயிடுச்சு.

2018-ல் வெற்றிமாறனின் 'வடசென்னை'. மறுபடியும் சந்தோஷ் நாராயணன். அந்த ஆல்பத்துல சித் ஸ்ரீராமும் இருப்பார், டோலக் ஜெகன் மாதிரியான கானாக் கலைஞர்களும் இருப்பாங்க. ரெண்டு உலகத்துக் குரலும் ஒரே ட்ராக் லிஸ்ட்ல.

எப்போ கேட்கலாம்: மரண கானா பழக்கமில்லாதவங்க இங்கே ஆரம்பிச்சு, அப்புறம் நாலாம் நம்பருக்குப் போகலாம்.

6. மகிழ்ச்சி: 'பாடு'ன்னு சொன்னதும் மேடை ஏறின குரல்கள்

2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ பெய்ன் பள்ளி மைதானத்துல 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையா மேடை ஏறினது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின குழு. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில. சட்டி மேளம், பறை, டோலக் பக்கத்துலயே கிட்டாரும் டிரம்ஸும். குழுவோட பேருக்கு அடிப்படை, அயோத்திதாச பண்டிதர் (1845–1914) பயன்படுத்தின 'சாதியற்ற தமிழர்'ங்கிற கருத்து. அதே வருஷம் வந்த ஆல்பத்தோட பேர் 'மகிழ்ச்சி'.

இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர், குடிசை மக்களோட வாழ்க்கைன்னு பாட்டோட விஷயங்கள் நேரடியானவை. இதுவரைக்கும் சாவு வீட்டுலயும் கல்யாணத்துலயும் மட்டும் பாட அழைக்கப்பட்டவங்க, தங்களைப் பத்தித் தாங்களே மைக்ல பேச ஆரம்பிச்சதுதான் இந்த ஆல்பம். பிற்காலத்துல பெரிய பேர் வாங்கின ராப்பர் அறிவும் இந்தக் குழுவுல இருந்து வந்தவர்தான்.

இந்தக் குழுவுல ராயபுரத்துப் பொண்ணு ஒருத்தர் இருந்தார்: இசைவாணி. கானா ஆம்பளைங்க கோட்டைன்னு இருந்தப்போ உள்ளே நுழைஞ்சவர். 2020-ல் பிபிசி-யின் 100 பெண்கள் பட்டியல்ல அவர் பேரும் வந்தது. கானாவுல பொண்ணுங்க பாட்டோட கேலிப் பொருளா இருந்தது போய், மைக் பிடிக்கிறவங்களா ஆனது ராயபுரத்துல மட்டும் நடந்த சின்ன மாற்றம்னு சொல்லிட முடியாது. அவரைப் பார்த்துத் தாளம் தட்ட ஆரம்பிச்ச தங்கச்சிங்களுக்கு இது ஒரு கதவு.

எப்போ கேட்கலாம்: 'நீ எந்த ஏரியா?'ன்னு கேட்டு, பதிலைக் கேட்டதும் எதிர்ல இருக்கிறவர் முகம் மாறின அன்னிக்கு.

7. சென்னைப் புறம்போக்குப் பாடல்: ஒரே பாட்டு, ஒரு முழு ஆறு

கடைசியா எண்ணூர். 2017 ஜனவரியில வெளிவந்த இது ஆல்பமே இல்ல, ஒரே பாட்டுதான். ஆனா ஆறு ராகம் மாறுற ராகமாலிகை. பாடினவர் டி.எம்.கிருஷ்ணா, எழுதினவர் கபேர் வாசுகி, மெட்டமைச்சவர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார், வீடியோ இயக்கம் ரதீந்திரன் பிரசாத். சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் இதுக்குப் பின்னாடி இருந்தவர்.

கர்நாடக சங்கீதம், ஆனா வரிகள் நம்ம பேச்சுத் தமிழ். வீடியோ எடுத்தது கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எண்ணூர் கழிமுகப் பக்கம், புகைபோக்கிகளுக்கு நடுவுல. முகத்துல மாஸ்க்கோட நிக்கிற பாடகர்தான் அந்த வீடியோவை ஞாபகத்துல நிறுத்தின காட்சி. கொரோனாவுக்கு மூணு வருஷம் முன்னாடி, அங்கே மாஸ்க் போட வேற காரணம் இருந்தது.

'புறம்போக்கு' இன்னைக்கு ஒரு திட்டு வார்த்தை. உண்மையில அது வருவாய்த்துறைச் சொல். வரி போடாம, தனி ஆளுக்குப் பட்டா குடுக்காம, ஊர்ப் பொதுவுக்கு விட்ட இடம். ஏரி, மேய்ச்சல் நிலம், கடற்கரை, கழிமுகம் எல்லாம் அதுல வரும். 2015 வெள்ளம் சென்னைக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது: தண்ணி போக வேண்டிய புறம்போக்கை அடைச்சா தண்ணி வீட்டுக்குள்ள வரும். இந்தப் பாட்டு அந்தத் திட்டு வார்த்தையை எடுத்துத் துடைச்சு, திரும்பவும் மரியாதையோட வெச்சது.

எண்ணூர்க் கழிமுகம் இறாலும் நண்டும் தந்த இடம். அனல் மின்நிலையச் சாம்பல் படிஞ்சு ஆழம் குறைஞ்சது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கசிவு வந்து வலை, படகு, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பாச்சு. அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி அம்மோனியா வாயுக் கசிவு. பெரியகுப்பம் சுத்துவட்டார மக்கள் நடு ராத்திரியில வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. பாட்டு வந்து ஆறு வருஷம் கழிச்சும் அது பேசின பிரச்னை பழசாகலைன்னு அந்த மாசம் காட்டுச்சு.

ஒரு சின்ன விஷயம். இந்தப் பாட்டுல வர்ற ராகங்கள்ல பேகடாவும் ஒண்ணு. திருவொற்றியூர்ப் பஞ்சரத்னத்துலயும் பேகடா இருக்கு. முதல்ல சொன்ன ஆல்பத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்க. அம்மனுக்குப் பாடின ராகத்துல அதே கடலோரத்து ஆறும் பாடப்படுது.

எப்போ கேட்கலாம்: எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போறப்போ, ஜன்னலோரமா.

உங்க வீட்டு ஆல்பத்தைக் காப்பாத்துறது எப்படி?

பஞ்சரத்னத்துக்குச் சீடர்கள் இருந்தாங்க, திருவருட்பா அச்சுல ஏறிடுச்சு, சினிமாப் பாட்டுக்குக் கம்பெனி இருக்கு. நாலாம் நம்பருக்குத்தான் யாருமே இல்லை. உங்க தாத்தாவுக்காகப் பாடின கானா, ஏதோ ஒரு சித்தப்பா போன்ல மட்டும் இருக்கலாம். அந்த போன் தண்ணியில விழுந்தா ஆல்பமும் போச்சு. அதுக்கு இந்த ஆறு வேலைகள்:

* கேசட் இருந்தா இப்பவே எடுங்க. கடல் காத்து, ஈரம் ரெண்டும் டேப்புல பூஞ்சை பிடிக்க வைக்கும். பூஞ்சை தெரிஞ்சா பிளேயர்ல போட்டுப் பார்க்காதீங்க, நாடா அறுந்துடும். டிஜிட்டலா மாத்தித் தர்ற கடைக்குக் கொண்டு போங்க.

* வாட்ஸ்அப்ல வீடியோவாவே அனுப்பினா குவாலிட்டி குறையும். 'டாக்குமென்ட்'டா அனுப்பச் சொல்லி, யார் முதல்ல எடுத்தாங்களோ அவங்ககிட்ட இருந்தே வாங்குங்க.

* ரெண்டு இடத்துல வைங்க. ஒண்ணு கிளவுட்ல, இன்னொண்ணு பென்டிரைவ்லயோ ஹார்டு டிஸ்க்லயோ.

* பைலுக்குப் பேர் வைங்க. யாருக்காகப் பாடினது, என்ன தேதி, எந்தத் தெரு, பாடகர் யார், டோலக் யார். பத்து வருஷம் கழிச்சு இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

* வீட்டுப் பெரியவங்க பக்கத்துல உக்காந்து வரிகளை எழுதி வைங்க. பட்டப்பேருக்குப் பின்னாடி இருக்கிற கதை அவங்களுக்குத்தான் தெரியும்.

* யூடியூப்ல ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட கேளுங்க. ஒருத்தர் பாடகர், அது அவரோட உழைப்பு. இன்னொருத்தர் அந்த வீட்டு அம்மா, அது அவங்களோட துக்கம்.

இதுல முதல் வேலை இன்னைக்கே முடியும். குடும்ப குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க: 'தாத்தா சாவுக்குப் பாடின கானா யார் போன்ல இருக்கு?'